என் கக்கத்தில் இருந்த இன்றைய ஆப்பிரிக்கா

ஆபா அக்கா, நீ கடைசி பஸ்ஸில் வந்து இறங்கியபோது எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. சாப்பாடும் முடிந்துவிட்டிருந்தது. பாதிச் சோளமாவுக் கெங்கி உருண்டையையும் வால் பக்கத்து மீனையும் அம்மா உன் முன்னால் வைத்துவிட்டுப் போய்ப் படுத்தாள். அப்பா கூரையைப் பார்த்தபடி கிடந்தார். "என்னடி எக்குவா, வீட்டுல யாராவது செத்துட்டாங்களா?" என்று நீ கேட்டாய். இப்போது சொல்கிறேன், கிட்டே வா. திரைக்கு அந்தப் பக்கம் அம்மா தூங்கிவிட்டாளா என்று தெரியாது.

எனக்கு ஒரே ஒரு பயம்தான். விடிந்ததும் அம்மா எபோ மாமா வீட்டுக்குப் போய்விடுவாளோ என்கிற பயம்.

போன தடவை போனாளே, ஞாபகம் இருக்கிறதா? மழைக்காலம் முழுக்க வரவில்லை. அப்பா பொரித்த மீனை நாம் திருட்டுத்தனமாக நாய்க்குப் போட்டோம். நாய் மீனைப் பார்த்தது, நம்மைப் பார்த்தது, எழுந்து பக்கத்து வீட்டுக்குக் குடிபோய்விட்டது. ஊர்க்காவல் படை இரண்டில் அப்பா ரெண்டாம் படைக்குத் தலைவர், அம்மாவின் அண்ணன் எபோ மாமா ஒன்றாம் படைக்குத் தலைவர் என்று இருக்கும் வீட்டில் வேறென்ன நடக்கும்? நீயும் நானும் அப்பா வழியில் ரெண்டாம் படை. அம்மா சாகும்வரை ஒன்றாம் படை. கடலில் ஆள் காணாமல் போனால் இரண்டு படையும் ஒரே படகில் ஏறித் தேடும். கொடி விஷயத்தில் உரசிக்கொண்டால் மட்டும் அம்மா மூட்டை கட்டிவிடுவாள்.

இந்தத் தடவை உரசவைத்தது மரபு வாரியம்.

'கறுப்பின வரலாறு, மரபு மற்றும் தொடர்புடைய பெருமைகளுக்கான உச்ச வாரியம்' என்பது முழுப் பெயர். தலைநகரத்திலிருந்து வந்த வண்டியின் கதவில் அவ்வளவும் எழுத இடம் போதாமல் 'பெருமைகள்' மட்டும் பின் டயருக்கு மேலே போயிருந்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் பெருமைகள்மேல் சேறு அடித்தது. வாரியத்தின் இயக்குநர் டாக்டர் பென்டில்-ஆமிஸா பள்ளிக்கூடக் கூடத்தில் ஊரைக் கூட்டி வைத்துப் பேசினார்.

"மக்களே! நைல் நதிக்கரை ராணிகள்லேர்ந்து இன்னிக்கு வரைக்கும் நம்ம வரலாறு அஞ்சாயிரம் வருஷம். அமைச்சர் நமக்கு ஒதுக்கியிருக்கறது நாப்பது நிமிஷம். அதனால வரலாறு கொஞ்சம் ஒத்துழைக்கணும்."

எல்லோரும் கை தட்டினார்கள். எபோ மாமா எழுந்து, "ஐயா, எங்க படைக் கொடிங்களைக் கொண்டுவரலாமா?" என்று கேட்டார்.

டாக்டர் கொடிகளைப் பார்க்க வந்தார். அப்பா பெட்டியைத் திறந்து, மூன்று தலைமுறை ஒட்டுப்போட்ட நம் ரயில் கொடியை விரித்தார். மாமா தன்னுடைய விமானக் கொடியை விரித்தார். டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். ரயில் அப்போதும் ரயிலாகவே இருந்தது.

"இது என்ன, ரயிலா? வெள்ளைக்காரன் கொண்டுவந்த சாமானாச்சே! நம்ம மரபுல ரயிலு எங்கே இருக்கு?"

"எங்க தாத்தனோட அப்பன் தைச்சது ஐயா" என்றார் அப்பா.

"தைச்சிருக்கலாம். ஆனா மரபுப்படி தைக்கலை. பாவம், அவருக்கு வழிகாட்ட அப்போ வாரியம் இல்லை." டாக்டர் உண்மையாகவே அனுதாபப்பட்டார். "ரயிலை எடுத்துட்டு சிங்கம் வெச்சுக்குங்க."

"இந்த ஊருல சிங்கத்தை யாருமே பார்த்ததில்லீங்களே."

"ரயிலைப் பார்த்திருக்கீங்களா?"

"அதுவும் இல்லை."

"அப்ப பார்க்காததுல நல்லதாப் பார்த்து வெச்சுக்கலாம் இல்லை?"

அப்பாவும் மாமாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நம் ஊருக்கு ரயில் வந்ததில்லை, விமானம் இறங்க இடமும் இல்லை என்பது நிஜம்தான். ஆனாலும் ரயில் நம்முடையது, விமானம் அவர்களுடையது. ஒரு படையின் படத்தை இன்னொரு படை தூக்கினால் அதற்கு யுத்தம் என்று பெயர். போன கிறிஸ்மஸுக்கு மாமா பையனுக்கு யாரோ விவரம் தெரியாமல் பொம்மை ரயில் வாங்கிக் கொடுத்துவிட, மாமா அதைத் துணியில் சுற்றி, இருட்டினபின் சந்து வழியாக வந்து அப்பாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். அப்பாவும் கேள்வி கேட்காமல் வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். அப்படிப்பட்ட மரியாதை.

இதை டாக்டரிடம் யாரும் சொல்லவில்லை. தண்ணீர் நனைக்கும் என்று யாராவது போய்ச் சொல்வார்களா?

கடைசியில் வாரியமே தலைநகரத்தில் ஓர் ஒற்றுமைக் கொடி தைத்துக் கொண்டுவருவது என்றும், அதைப் பிடித்து ஆட என்னைத் தேர்ந்தெடுப்பது என்றும் முடிவானது. "அப்பா ரெண்டு, அம்மா ஒன்னு, பொண்ணு ஒற்றுமை!" என்று டாக்டர் என் தலையில் கை வைத்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்பா எனக்குக் கொடியாட்டம் சொல்லிக்கொடுத்ததை நீ கேலி செய்வாயே, பார்த்தாயா என்று நினைத்துக்கொண்டேன்.

அமைச்சர் நாடாவை வெட்டும்வரை கொடியை யாரும் பார்க்கக் கூடாது என்பது வாரியத்தின் விதி. அதனால் வெறும் கழியோடு ஒத்திகை. ஓர் அதிகாரி உட்கார்ந்து பார்த்துவிட்டு, "கழியில் உணர்ச்சி போதவில்லை" என்று குறித்துக்கொண்டார்.

ஊர்வலத்துக்கு மீன் புகைபோடும் அத்தைகளை எல்லாம் நைல் கரைக் குஷ் நாட்டு ராணிகளாக்கினார்கள். தங்கக் காகிதக் கிரீடம் வைத்தும் புகை வாசம் போகவில்லை. ராணிகள் கூட்டமாக நடந்தபோது பூனைகளும் கூட்டமாகப் பின்னால் நடந்தன. மீன் வண்டியில் அட்டைப் பிரமிடு ஏற்றினார்கள். அதற்குப் பின்னால் தங்கம் சுமக்கும் மாலி ராஜா. ராஜாவுக்குப் பின்னால் சங்கிலி.

சங்கிலி வந்த இடத்தில் மட்டும் யாரும் சிரிக்கவில்லை, அக்கா. அடிமைகளைக் கப்பலேற்றிய அந்தக் கோட்டை மதில் நம் கிணற்றடியிலிருந்தே தெரிகிறதே. பையன்கள் கழுத்தில் பிளாஸ்டிக் சங்கிலியைப் போட்டுக்கொண்டு வந்தபோது மேளம் அடிப்பவர்கள் தாங்களாகவே அடிப்பதை நிறுத்தினார்கள். பையன்கள் கையை உயர்த்திச் சங்கிலியை அறுக்கப் போனார்கள்.

"அறுக்காதீங்க! அறுக்காதீங்க!" என்று டாக்டர் ஒலிபெருக்கியில் கத்தினார். "வாடகைக்கு எடுத்தது! திருப்பிக் குடுக்கணும்!"

ஆகவே விடுதலை அடைந்த பையன்கள் சங்கிலியைப் பத்திரமாகக் கழற்றி மடித்து அதிகாரியிடம் எண்ணிக் கொடுத்துவிட்டுச் சுதந்திரத்துக்குள் போனார்கள்.

அமைச்சர் வரவில்லை. அவருடைய பிரதிநிதியும் வரவில்லை. பிரதிநிதி உட்காரவேண்டிய நாற்காலி ஒரு லாரியில் வந்தது. தங்க வர்ணம், சிவப்பு மெத்தை. அதை நடுவில் வைத்தார்கள். டாக்டர் அதற்குக் குனிந்து வணக்கம் சொல்லி, "மாண்புமிகு நாற்காலி அவர்களின் சார்பாக" என்று நாடாவை வெட்டினார். கொடியைச் சுருட்டியபடியே என் கையில் கொடுத்தார்.

நான் நின்றது எங்கே தெரியுமா? நம் ரெண்டாம் படை மண்டபத்துக்கு நேர் எதிரே, சிமெண்ட் பீரங்கிக்குப் பக்கத்தில். இந்தப் பக்கம் அப்பாவும் நம் ஆட்களும். அந்தப் பக்கம் மாமாவும் அவர் ஆட்களும், அவர்கள் நடுவே அம்மாவும். மேளம் ஆரம்பித்தது. நான் கொடியைப் பிரித்தேன். பிரமிடு. ராணி. தங்க ராஜா. கப்பல். நட்சத்திரம். எல்லாம் பட்டுத் துணியில் பளபளவென்று இருந்தது. கடைசிக் கட்டம் கொஞ்சம்தான் விரிந்தது. அதில் ஒரு வாலும் ஒரு இறக்கையும் தெரிந்தன.

பறவை என்று நினைக்கத்தான் ஆசைப்பட்டேன். பறவைக்கு ஜன்னல் இருக்காதே, அக்கா.

ரெண்டாம் படைப் பெண், ரெண்டாம் படை வாசலில், ஒன்றாம் படை விமானத்தைத் தூக்கி ஆட்டப் போகிறாள். நம் ஆட்களுக்கு நான் துரோகி. மாமா ஆட்களுக்குத் திருடி. அந்த நொடியே எனக்கு அம்மா தலையில் மூட்டையோடு போவது கண்ணில் தெரிந்தது. சட்டென்று அந்த முனையைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். மிச்சத்தை வைத்து ஆட ஆரம்பித்தேன்.

பிரமிடைக் காட்டினேன். ஊர் ஆரவாரித்தது. குனிந்தேன், சுழன்றேன், ராணியைக் காட்டினேன். கப்பலைக் காட்டி முழங்காலிட்டேன். நட்சத்திரத்தைக் காட்டிக் குதித்தேன். ஒரு கை மட்டும் விலாவை விட்டு விலகவில்லை. ஒரு பக்கம் இறக்கை ஒடிந்த கோழி ஓடுவதுபோல இருந்திருக்கும்.

"அருமை!" என்றது ஒலிபெருக்கி. "இப்போ இன்றைய ஆப்பிரிக்கா!"

நான் மறுபடி பிரமிடைக் காட்டினேன்.

"பொண்ணே, பின்னாடி போகாதே! முன்னாடி போ!"

ராணியைக் காட்டினேன்.

"சுதந்திரம் வந்து எத்தனை வருஷமாச்சு, இன்னிக்கு இன்னும் வரலையே! எங்கே இன்னிக்கு? இன்றைய ஆப்பிரிக்காவை எங்கே ஒளிச்சு வெச்சிருக்கே?"

கூட்டத்தில் யாரோ, "கக்கத்துல வெச்சிருக்கா ஐயா!" என்று போட்டுக்கொடுத்தார்கள். ஊரே சிரித்தது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டாள். "விடாதேடி, விடாதே" என்று அவள் உதடு அசைந்தது. என்னவென்றே அவளுக்குத் தெரியாது, ஆனாலும் சொன்னாள்.

ஓர் அதிகாரி ஓடிவந்து கொடியின் நுனியைப் பிடித்து இழுத்தார். கடல் காற்றும் அவருக்கு ஒத்துழைத்தது. விமானம் விரிந்தது.

"பறக்கும் ஆப்பிரிக்கா!" என்று டாக்டர் முழங்கினார். மேளம் நின்றுபோன அமைதியில் அது நன்றாகக் கேட்டது.

"எங்க விமானத்தை எவன்டா திருடினது?" என்றார் மாமா.

"திருடவா? உங்க குப்பையை எங்க வாசல்ல ஆட்டறதுக்கு எங்களுக்கு என்ன வேண்டுதலா?" என்றார் அப்பா.

"குப்பையா மச்சான்? ரயில் புகையில பிறந்தவனுக்கு வானம் எப்படித் தெரியும்!"

"வானத்துல போறவன் எதுக்கு மச்சான் மீனுக்கு எங்க படகுல ஏறறே? மேலேர்ந்தே புடிச்சுக்கோயேன்!"

"ஏய், எங்க அண்ணனைப் பத்திப் பேசாதே" என்று அம்மா முன்னால் வந்தாள்.

அப்பாவுக்குச் சூடு ஏறிவிட்டது. "விமானம் என்ன, உன் அப்பன் வீட்டுச் சொத்தா?"

"ஆமா. எங்கப்பன் வீட்டுச் சொத்துதான்."

அது உண்மை. ஊருக்கே தெரிந்த உண்மை. அந்த ஆத்திரத்தில் அப்பா கழியைத் தேடினார். மாமாவும் தேடினார்.

"படம் பிடி, படம் பிடி! மரபுவழி வசைப்பாட்டு!" என்று டாக்டர் கேமராக்காரரைத் தள்ளினார். "ஐயா, கழியைக் கொஞ்சம் வெளிச்சத்துப் பக்கம் தூக்குங்க!"

நான் அழுதுவிட்டேன். "நான் தைக்கலை! நான் பார்க்கக்கூட இல்லை! வாரியம்தான் தைச்சுது!"

அப்பாவின் கை அந்தரத்தில் நின்றது. மாமாவின் கையும் நின்றது. இரண்டு பேரும் சட்டத்தில் மகா கறார். படத்தைத் தூக்குவதைவிடப் படத்தைத் தைப்பதுதான் பெரிய குற்றம். இரண்டு பேரும் மெதுவாகத் திரும்பினார்கள். டாக்டர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்.

அவரை மண்டபத்துப் படியில் மரியாதையாக உட்காரவைத்தார்கள். தீர்ப்பு ஒரு நிமிடத்தில் முடிந்தது. ஒரு படைக்கு ஒரு செம்மறி ஆடு, ஒரு பாட்டில் சாராயம். இரண்டு படைக்கும் சேர்த்து இரண்டு ஆடு, இரண்டு பாட்டில்.

"மரபுக்கு நான் தலைவணங்கறேன்" என்றார் டாக்டர். "ஆனா மரபு எனக்கு அபராதம் போட முடியாது. எது மரபுன்னு அங்கீகரிக்கறதே நான்தான்."

"சரி ஐயா, ஆட்டை அங்கீகரிங்க" என்றார் மாமா.

டாக்டர் தலைநகரத்துக்குப் போன் செய்தார். ஆடு வாங்க மூன்று கடையிலிருந்து விலைப்புள்ளி வேண்டும் என்றார்கள். ஆடு என்கிற தலைப்பே வாரியத்தின் வரவு செலவில் இல்லை, கிட்டத்தட்ட இருப்பது 'நான்கு கால் தளவாடங்கள்', அதில் வாங்கினால் ஆட்டுக்கு வார்னிஷ் அடித்திருக்க வேண்டும் என்றார்கள். அதனால் டாக்டர் ஒரு குறியீட்டு ஆட்டைத் தருவதாகச் சொன்னார். ஓர் இளம் அதிகாரி ஆட்டு முகமூடி போட்டுக்கொண்டு வந்து நின்றார். நன்றாகவே கத்தினார். நம் ஆட்கள்கூட மெச்சினார்கள். ஆனால் மாமா, "மச்சான், இதைக் கழுத்துல வெட்டறதா, எப்படி?" என்று அப்பாவைக் கேட்டதும் முகமூடியைக் கழற்றிவிட்டார்.

கடைசியில் மாண்புமிகு நாற்காலியை அடமானமாக வாங்கிக்கொண்டு டாக்டரை விட்டார்கள். ஆடு வரும்வரை நாற்காலி மண்டபத்தில் இருக்கும். இரண்டு படையும் முறை வைத்துக் காவல். இப்போதுகூட அங்கே இரண்டு பேர் அதில் மாறி மாறி உட்கார்ந்துகொண்டிருப்பார்கள்.

ஊருக்கு இப்படித் தீர்ந்தது. வீட்டுக்குத் தீரவில்லை. 'உன் அப்பன் வீட்டுச் சொத்தா' என்ற வார்த்தை இருக்கிறதே. அம்மா வந்தாள், துணிகளை எடுத்தாள், பெரிய மூட்டையாகக் கட்டினாள். அப்பா சுவரோடு சுவராக நின்றார். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நம் அப்பாவுக்கு அது வராதே. நான் அம்மாவின் முந்தியைப் பிடித்துக்கொண்டு தெருவரைக்கும் போனேன். அங்கே வாரியத்து வண்டி நின்றது.

"இது என்ன சடங்கும்மா?" என்றார் டாக்டர்.

"சடங்கா? புருஷனோட சண்டை. எங்க அண்ணன் வீட்டுக்குப் போறேன்."

"கொடிக்காகவா? இதுக்கு முந்தி யாராவது போயிருக்காங்களா?"

"எங்கம்மா போயிருக்கா. அவங்கம்மாவும் போயிருக்கா. இந்தத் தெருவுல போகாத பொம்பளை யாரு?"

டாக்டரின் கண் கலங்கிவிட்டது. "இதுதான்! இதைத்தான் தேடிக்கிட்டிருந்தேன்! அம்மா, திரும்பி வீட்டுக்குள்ள போயிட்டு, மறுபடி வெளியே வாங்க."

அம்மா திரும்பிப் போய் மறுபடி வெளியே வந்தாள். வெயில் முகத்தில் அடித்தது. சரியில்லை. மறுபடி. குறுக்கே ஓர் ஆடு போனது. அதையே பிடித்து அபராதத்துக்குக் கட்டிவிடலாமே என்று யாரோ சொன்னார்கள். விலைப்புள்ளி இல்லை. மறுபடி. இந்தத் தடவை அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்கக் கூடாதும்மா. சோகம் வேணும். அஞ்சாயிரம் வருஷத்துச் சோகம்."

"அவ்வளவெல்லாம் வராதுங்க. எனக்குக் கல்யாணம் ஆகி இருபது வருஷம்தான் ஆச்சு."

டாக்டர் அம்மாவின் பெயரைக் கேட்டுக்கொண்டு அப்பா பக்கம் திரும்பினார். "நீங்க என்ன தூண் மாதிரி நிக்கறீங்க? 'போகாதே எஃபுவா'ன்னு சொல்லுங்க."

"அதெல்லாம் எங்க மரபுல கிடையாது" என்றார் அப்பா.

"வாரியம் சேர்க்குது. சொல்லுங்க."

அப்பா சொன்னார். சுவரைப் பார்த்துச் சொன்னார். சத்தம் போதவில்லை. மறுபடி சொன்னார். ஏலம் போடுகிற மாதிரி இருந்தது. மறுபடி. அம்மா ஒவ்வொரு தடவையும் மூட்டையைத் தலையில் ஏற்றி, வாசலைத் தாண்டி, நின்று, திரும்பி வந்தாள். தெருவே வேடிக்கை பார்த்தது. எபோ மாமா பக்கத்தில் நின்று, "மச்சான், குரல்ல கொஞ்சம் இறக்கம் குடு" என்று எடுத்துக்கொடுத்தார்.

அப்புறம் கேமராவின் பேட்டரி செத்துப்போனது. "விடிஞ்சதும் நல்ல வெளிச்சத்துல வர்றோம். இதே துணி, இதே மூட்டை" என்று சொல்லிவிட்டு அவர்கள் போய்விட்டார்கள். மாமா போனார். தெருவும் போனது. வாசலில் அம்மா மட்டும் தலையில் மூட்டையோடு நின்றாள். போவதா வருவதா என்று அவளுக்கே தெரியவில்லை.

"போகாதே எஃபுவா" என்றார் அப்பா.

"கேமரா நின்னு போச்சு."

"தெரியும்."

"அப்பறம் எதுக்குச் சொல்றே?"

அப்பா கதவு நிலையைச் சுரண்டினார். "வாய் பழகிப்போச்சு" என்றார்.

அம்மா மூட்டையை இறக்கிக் கதவோரம் வைத்தாள். ஆனால் அவிழ்க்கவில்லை. "காலையில பார்த்துக்கலாம்" என்றாள். அப்புறம்தான் நீ வந்தாய்.

அக்கா, யோசித்துப் பார். விடிந்ததும் டாக்டர் வருவார். அம்மா மூட்டையைத் தூக்கிக்கொண்டு கேமரா முன்னால் நடப்பாள். தூங்கி எழுந்த அப்பாவுக்குப் பழைய வாய் திரும்பி வந்திருந்தால்? வார்த்தை வராமல் நின்றுவிட்டால்? கேமராவுக்கு அந்தப் பக்கம் நாலு வீடு தள்ளி மாமா வீடு. அம்மா நடந்த வேகத்தில் அப்படியே போய்விடுவாள். டாக்டர் அருமை என்று கை தட்டுவார்.

அதனால் நீ கிணற்றடிக்குப் போயிருந்தபோது நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். மூட்டையை அவிழ்த்துவிட்டேன். மூட்டைத் துணிக்குள் இப்போது இருப்பது நம் பழைய வலைதான். மாமா வீட்டில் அவிழ்த்துப் பார்த்தால், மாற்றுத் துணிக்கு அவள் இங்கேதான் திரும்பி வந்தாக வேண்டும். மெத்தென்று இருக்கிறதே, புதுப் பாயா என்று படுக்கும்போது கேட்டாயே? பாய் இல்லை, அக்கா. அம்மாவின் துணி எல்லாவற்றையும் மடித்து விரித்து அதன்மேல்தான் உன்னைப் படுக்கவைத்திருக்கிறேன். நீ நல்ல கனம். விடிந்து யார் வந்து கூப்பிட்டாலும் எழுந்திருக்காதே.